மாற்று ஆள் வந்த நேரம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை உன் முழங்காலைப் பற்றிப் பேசினோம். அடுத்த தடவை உன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசினோம். கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உள்ளே ஒரு படிவம் இருக்கிறது, பயந்துவிடாதே. புகைப்படம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருகிற முதல் விஷயமே அதுதான். யார் முகத்தை எடுத்தாலும், அதை எங்கே போடப் போகிறோம் என்று அவரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கவில்லை என்றால் எப்பேர்ப்பட்ட படமாக இருந்தாலும் மதிப்பெண் பூஜ்யம். பதினாறு வருடமாக இதில் நான் கறார்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு மத்தியானம் வார்டு வாசல் பெஞ்சில் நீ உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாயே, அப்போது உன்னை ஒரு படம் எடுத்தேன். பத்தொன்பது வருடமாக அதை உன்னிடம் சொன்னதில்லை. நோயாளியோடு கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களைச் செய்தித்தாள்களும் விளம்பரங்களும் எப்படிக் காட்டுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. அது தொடங்கியதே அந்தப் படத்தில்தான். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அதைத் திரையில் போட்டு, "இந்தப் படத்துல யாரு இல்ல?" என்று கேட்பேன். புருஷன் இல்லை, நர்ஸ் இல்லை, அரசாங்கம் இல்லை என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். நானும் ஒன்றுவிடாமல் பலகையில் எழுதுவேன்.

இந்த வருடம் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், இவங்ககிட்ட கையெழுத்து வாங்கினீங்களா?" என்றாள். இது என் அக்கா என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அப்ப ஈசியா வாங்கியிருக்கலாமே சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆராய்ச்சி இப்போது புத்தகமாக வருகிறது. அட்டையில் நீதான். மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. படத்தின் சின்னப் பிரதி ஒன்றும் வைத்திருக்கிறேன், அழகாகத்தான் இருக்கிறாய். பென்சிலால் குறி போட்ட இடத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

உன் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

படிவம் திரும்பி வருகிறது. கையெழுத்துப் போடவில்லை.

அழகாக இருக்கிறேனாம். வாய் ஆ என்று திறந்திருக்கிறது, ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. எதிரில் இருந்தால் உன் காதைத் திருகியிருப்பேன். பல் டாக்டரிடம் இப்படி வாயைத் திறந்திருந்தால் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

படம் எனக்குப் புதிதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் சுகாதாரத் துறைக்காரர்கள் எங்கள் பஸ் டிப்போ அறிவிப்புப் பலகையில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். மேலே 'தனியாகச் சுமக்காதீர்கள்', கீழே ஒரு உதவி எண், நடுவில் நான். ஒரு டிரைவர் டீ டம்ளரோடு அதன் முன்னால் நின்று, என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேடம், இது நீங்கதானே?" என்றார். மூன்று மாதம் அது அங்கேயே இருந்தது. அன்றிலிருந்து டிப்போவில் எனக்குப் பெயர் ஹெல்ப்லைன் அம்மா. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கூப்பிடுவார்கள்.

நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஆறு வருடமாக உன் வீட்டுப் பக்கம் நான் வராததற்கு முழங்கால் மட்டும் காரணம் இல்லை. நீயும் அதை நம்பிக்கொண்டாய்.

வாய் திறந்திருப்பதை விட்டுவிடு. படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறாய்? 'மாற்றுக்கு ஆளில்லாத பெண்.' ஏன்டா, எனக்கு மாற்றுக்கு ஆளில்லையா? நீ எங்கே போனாய்?

இருபத்தேழு வருடமாக நான் டைம்கீப்பர், எந்த பஸ் எப்போது வந்தது, போனது என்று எழுதுவதுதான் என் வேலை. மாற்று ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் எந்தக் கண்டக்டரும் தோளில் இருக்கிற பையைக் கழற்ற முடியாது. அந்தப் பழக்கத்தில்தான் ஆஸ்பத்திரியிலும் ஒரு நோட்டுப் போட்டேன். யார் எத்தனை மணிக்கு வந்தது, அப்பா என்ன சாப்பிட்டார், டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் அதில் இருக்கும். பஸ்ஸா ஓட்டுறோம் என்று கேலி செய்வாய். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. நான் பெஞ்சில் தூங்கிப்போன அன்றைக்கு உன் முறை இரண்டு மணி. நீ கையெழுத்துப் போட்டிருப்பது மூன்று மணி. "பஸ் லேட்டுக்கா" என்றாய்.

மறுநாள் டிப்போவில் பதிவேட்டைப் பார்த்தேன். உன் பஸ் ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு ஒன்று ஐம்பதுக்கே வந்துவிட்டது. ஒரு டைம்கீப்பரிடமே பஸ் லேட் என்று காது குத்தியவன் உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். கேட்க வேண்டும் என்று இருந்தேன். இருபது நாளில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு எதைக் கேட்பது.

அந்த ஒரு மணி நேரம் எங்கே சுற்றினாய் என்று எழுது. கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

நான் எங்கேயும் சுற்றவில்லை. இரண்டு மணிக்கு உனக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய், ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மேலே எழுத அவ்வளவு தயக்கமாக இருக்கிறது.

நான் வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மடியில் அப்பாவின் மருந்துச் சீட்டுகளும் அந்த நோட்டும் இருந்தன. நடைபாதைக் கோடியில் இருந்த ஜன்னலிலிருந்து வெளிச்சம் சரியாக உன் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் கேமரா வாங்கியிருந்தேன், எங்கே போனாலும் தோளில் தொங்கும். ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு எழுப்பலாம் என்று நினைத்தேன். அப்புறம் இன்னொன்று என்று நினைத்தேன். அப்படியே சுருளில் இருந்த முப்பத்தாறு படமும் தீரும்வரை எடுத்தேன். மூன்று மணிக்கு உன் தோளைத் தொட்டதும் பதறிப்போய் மணி என்ன என்று கேட்டாய். வாயில் வந்தது பஸ்.

உன் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளைப் பார்த்து இரண்டு நாள் ஆயிற்று என்று முதல் நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தாய். நீ வீட்டுக்குப் போய் அவளைத் தூக்க வேண்டிய ஒரு மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதை வைத்துத்தான் எனக்குப் பட்டமும் வேலையும் கிடைத்தன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அசல் படத்தில் உன் தலைக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கிறது. அதை வெட்டிவிட்டுத்தான் எங்கேயும் போட்டேன். பார்வை முகத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக வெட்டினேன் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவேன். மணி தெரிந்துவிடும் என்றுதான் வெட்டினேன். படத்தில் யார் இல்லை என்று வருடா வருடம் கேட்டுவிட்டு, 'தம்பி இல்லை' என்கிற சரியான பதில் மட்டும் வராமல் இருக்க வேண்டுமே என்று நிற்பேன்.

போஸ்டருக்குக் கேட்டார்கள், கொடுத்தேன். எங்கே ஒட்டுவீர்கள் என்று கேட்கவில்லை. என் பிள்ளைகள் யாராவது இப்படிச் செய்திருந்தால் பூஜ்யம்தான். நீ ஆறு வருடம் அந்தப் பெயரோடு வேலைக்குப் போயிருக்கிறாய் என்பதைப் படித்த அன்று என்னால் வகுப்புக்குப் போக முடியவில்லை. என்னை மன்னித்துவிடு அக்கா.

அந்த மாணவி போன வாரம் என் அறைக்கு வந்தாள். "சார், அன்னிக்கு நீங்க அங்க எவ்வளவு நேரம் நின்னீங்க?" என்று கேட்டாள். வேறு வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன்.

அட்டையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். ஏப்ரல் இருபது வரை பொறுப்பார்களாம். நீ வேண்டாம் என்றால் அட்டையிலும் வராது, வகுப்பிலும் வராது. இதோடு அந்தச் சுருள் முழுவதையும் ஒரே தாளில் சின்னச் சின்னக் கட்டமாக அச்சிட்டு வைத்திருக்கிறேன். கடிகாரத்தை வெட்டவில்லை.

தம்பி


மார்ச் 28

தம்பி,

தாள் வந்தது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். உன் அத்தான் இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டு, சமையல் இன்றைக்குத் தன் தலையில்தான் என்று புரிந்துகொண்டு போய்விட்டார்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. ஒரு பாதி போயிருக்கிறது. நீ ஊர் சுற்றப் போய்விட்டாய் என்று பத்தொன்பது வருடம் நினைத்திருந்தேன். என் எதிரிலேயே நின்றிருந்தாய் என்பது அதைவிட மேலா, மோசமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒன்று கவனித்தேன். பதிமூன்றாவது படம் வரைக்கும் என் தோளில் எதுவும் இல்லை. பதினாலாவது படத்திலிருந்து ஒரு துண்டு போர்த்தியிருக்கிறது. நீலக் கட்டம் போட்ட துண்டு, உன்னுடையது. கோடியில் இருந்த அந்த ஜன்னலிலிருந்து குளிர்காற்று வரும். கேமராவைக் கீழே வைத்துவிட்டு வந்து போர்த்தியிருக்கிறாய். மன்னிப்பு, பூஜ்யம் என்று அவ்வளவு எழுதின நீ, இதை எழுதவில்லை. உனக்கே ஞாபகம் இருக்காது. உன்னைத் திட்ட ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். முப்பத்தாறு படம் என்றாய். முப்பத்தைந்துதான் இருக்கிறது. கடைசி வரிசையில் முதல் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறாய். முப்பதாவது படத்தில் கடிகாரம் இரண்டு முப்பத்தைந்து. முப்பத்திரண்டில் இரண்டு நாற்பத்தாறு. நிமிஷத்துக்கு ஒன்று எடுத்துத் தள்ளியவன், நடுவில் பதினோரு நிமிஷம் என்ன செய்தாய்?

டைம்கீப்பரிடம் மறுபடியும் விளையாடாதே.

முழங்காலுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் பதினெட்டாம் தேதி. பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் பயமாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

ஆபரேஷனைக் கடைசி வரியில் எழுதுகிற ஆள் நீதான். நான் வரட்டுமா? இதைப் படித்த பிறகும் வரச் சொல்வாயா என்று தெரியவில்லை.

முப்பத்தொன்றாவது படத்தில் அப்பா இருக்கிறார்.

முப்பதாவதை எடுத்துவிட்டு நிமிர்ந்தால், வார்டு வாசலில் அப்பா நிற்கிறார். சக்கரம் வைத்த சலைன் கம்பியை ஒரு கையில் பிடித்திருக்கிறார். இன்னொரு கை விரல் உதட்டில். கட்டிலில் இருந்து இறங்கக் கூடாது என்று தலைமாட்டில் அட்டை தொங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் தனியாக இறங்கி, பத்தடி நடந்து வந்திருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. முதலில் படம் எடுத்தேன். கை தானாக எடுத்துவிட்டது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அப்புறம்தான் ஓடினேன். "அவள எழுப்பாதடா. அவ தூங்கி எத்தனை நாளாச்சு" என்றார். கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன். அந்தப் பதினோரு நிமிஷம் அதுதான். தான் எழுந்து வந்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். உன் வாய்க்குப் பயம் அவருக்கு. நான் போர்வையைச் சரிசெய்து கொண்டிருந்தபோது, "நீயும் கொஞ்சம் கண்ணை மூடேன்டா" என்றார். அவர் சொன்னதற்காகத்தான் உன்னை மூன்று மணிவரை எழுப்பவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே அரை மணி நேரம் நான் எழுப்பாமல் இருந்தவன்தான்.

மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இருபதாம் நாள் போய்விட்டார். எழுந்து நடந்ததால்தான் என்று அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் உன்னை நேரத்துக்கு எழுப்பியிருந்தால், நம்மில் ஒருவர் உள்ளே கட்டில் பக்கத்தில் இருந்திருப்போம், அவர் இறங்கியிருக்க மாட்டார். இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கட்டத்தை நான் எந்தத் தாளிலும் அச்சிட்டதில்லை. நேற்றுதான் இருட்டறையில் முதல் தடவையாகப் பெரிதாக்கிப் போட்டேன். அப்பா முகம் மெல்ல மெல்லத் தெரிய வந்தபோது அழுதுவிட்டேன்.

உள்ளே தனி உறையில் இருக்கிறது. பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் பிரிக்காதே.

தம்பி


ஏப்ரல் 12

என் தம்பிக்கு,

பிரித்தேன்.

என்ன சிரிப்பு அந்த மனுஷனுக்கு. திருட்டுத்தனம் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட சிரிப்பு. சலைன் கம்பியைப் பிடித்திருக்கிற தோரணையைப் பார்த்தால், வாக்கிங் போகிறவர் மாதிரி இருக்கிறது. உன் அத்தானிடம் காட்டினேன். "மாமாவா இது, நின்னுட்டிருக்காரே" என்றார்.

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நான் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன். 'காலை 9.20. டாக்டர் வந்தார். இன்று முதல் நடக்க விடலாம் என்றார். நடந்தால்தான் நெஞ்சில் சளி கட்டாதாம். கூட ஆள் இருக்க வேண்டும். அப்பா மாட்டேன் என்கிறார்.' இதற்கு நேர் கீழேதான் உன் கையெழுத்து இருக்கிறது. தலைமாட்டு அட்டையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, நீ அதைப் படித்திருக்கிறாய். நான் எழுதினதைப் படிக்கவில்லை. நீ எதைத்தான் படித்தாய்? கையெழுத்து மட்டும் போடுவாய். மேலே இருக்கிற ஐந்து வரியைப் படித்திருந்தால் பத்தொன்பது வருடம் இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டாய். படிக்காமல் விட்டுவிட்டு நீயே உனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டாயே, கிறுக்கா.

என் கதையையும் கேள். அன்றைக்குக் காலையில் அவரை நடக்க வைக்கக் கெஞ்சினேன், திட்டினேன், கடைசியில் அழுதேன். காலைக்கூடக் கீழே வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. அப்புறம் காய்ச்சல் வந்துவிட்டது. நெஞ்சுச் சளிதான் அவரைக் கொண்டுபோனது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். ஒரு அடியாவது அவரை நடக்க வைக்க என்னால் முடியவில்லை, அதனால்தான் போனார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அவர் நடந்ததால் போனார் என்று. நான், அவர் நடக்காததால் போனார் என்று. பக்கத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் எவ்வளவு நாளைக் கழித்திருக்கிறோம் பார்.

நான் அவ்வளவு கெஞ்சியும் நடக்காதவர், நான் தூங்குகிறேனா என்று பார்க்கப் பத்தடி நடந்திருக்கிறார். அவர் நடந்தபோது கூட ஆள் இருந்தது. நீ இருந்தாய். படம் எடுத்தது தப்புத்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை நீ எடுக்கவில்லை என்றால் இதை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன், என் நிபந்தனையோடு. அட்டையில் போடு, கடிகாரத்தோடு போடு, துண்டு இருக்கிற படமாக எடுத்துப் போடு. கீழே 'மாற்று ஆள் வந்துவிட்டார்' என்று எழுது. வாய் திறந்திருந்தால் பரவாயில்லை, டிப்போவுக்குப் பழகிவிட்டது. அந்த மாணவியைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் நின்றேன் என்று பதில் சொல். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. முப்பத்தொன்றாவது படம் மட்டும் வகுப்புக்கும் கிடையாது, புத்தகத்துக்கும் கிடையாது. அது என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கும்.

நோட்டில் நீ போட்டிருந்த மூன்று மணியை அடித்துவிட்டு, இரண்டு என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். அப்படித் திருத்த டைம்கீப்பருக்கு அதிகாரம் உண்டு.

பதினெட்டாம் தேதி காலையில் என் மகள் என்னோடு இருப்பாள். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து உன் முறை. நோட்டைக் கொண்டு வருகிறேன், இந்தத் தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. கேமரா வேண்டுமானால் கொண்டு வா. ஆனால் நான் தூங்கிக்கொண்டிருந்தால் முதலில் என்னை எழுப்பி, வந்துவிட்டேன் அக்கா என்று சொல். அப்புறம் நான் நிம்மதியாகத் தூங்கிக்கொள்கிறேன்.

அக்கா